சட்டத்தையும் தலைவரையும் எடைபோடுவது எப்படி: ஒரு வக்கீல் குமாஸ்தாவின் வழி

மதுரையில் 31 வருடமாக வக்கீல் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். எங்கள் சீனியர் எடுக்கும் வழக்குகளில் பாதிக்கு மேல் ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது அடைத்துவைத்த ஆளைக் கோர்ட் முன் கொண்டுவரச் சொல்லும் மனுக்கள். ‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்று ஒரு குடும்பம் படியேறி வந்தால் முதலில் என் மேசைக்குத்தான் வரும். வக்காலத்து வாங்குவது, தாள்களை எண்ணுவது, நகல் எடுப்பது, அஃபிடவிட்டில் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. 2004 ஜூலையில் இங்கே உயர் நீதிமன்றக் கிளை வரும்வரை ராத்திரி பஸ்ஸில் வழக்குக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய்வருவேன். கட்டை மேலே வைத்துவிட்டுத் தூங்க மனசு வராது. அதில் ஒரு ஆளின் ஒரு வருடம் இருக்கிறது.

தேர்தல் வந்தால் சொந்தக்காரப் பையன்கள் கேட்பார்கள்: “மாமா, நீங்க கோர்ட்லயே கிடக்குறீங்க. யாரு நல்ல தலைவர், நீங்க சொல்லுங்க.” யார் நல்லவர் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு தலைவர் கையில் அதிகாரம் வந்தால் தனி ஆள் ஒருவரை அவர் என்ன செய்ய முடியும், அதை யார் தடுக்க முடியும் என்று பார்க்கிற வழி எனக்குத் தெரியும். என் தொழில் கற்றுக்கொடுத்தது அது. சாலை, ரேஷன், வேலைவாய்ப்பு ஆகியவற்றை வைத்து எடைபோட ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தத் தட்டில் கல் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

நோக்கத்தைத் தாண்டிப் படியுங்கள்

எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முகப்பில் எழுதியிருக்கும் நோக்கம் நல்லதாகத்தான் இருக்கும். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தைப் பாருங்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி, பெண்களை வைத்துத் தொழில் நடத்துபவர், குடிசைப் பகுதி நிலத்தை வளைத்துப் போடுபவர் என்று பட்டியல் போகிறது. இவர்களைப் பிடிக்க வேண்டாம் என்று யார் சொல்வார்? அங்கேயே தாளை மூடிவைத்துவிட்டால் சட்டத்தைப் படித்ததாக ஆகாது. அடுத்த பக்கங்களைத் திருப்ப வேண்டும்.

அங்கே இருப்பது இது. மாவட்ட ஆட்சியரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்திட்டால் ஒருவரைச் சிறையில் வைக்கலாம். அவர் குற்றம் செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வெளியே விட்டால் பொது ஒழுங்குக்குக் கேடு செய்வார் என்ற அதிகாரியின் மனநிறைவு போதும். இதைத்தான் தடுப்புக்காவல் என்பார்கள். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். காரணங்களை 5 நாளுக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும். 3 வாரத்துக்குள், உத்தரவுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அடைக்கப்பட்ட நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கழகத்தின் முன் அவருக்காக வக்கீல் வாதாட முடியாது. கழகம் சரி என்றால் 12 மாதம் வரை உள்ளே.

எந்தக் கட்சி எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாலும் நான் தேடுவது இவற்றைத்தான்: கையெழுத்து யாருடையது, எதை நிரூபிக்க வேண்டும், எத்தனை நாள் உள்ளே வைக்கலாம், மறுபடி பார்ப்பவர் கையெழுத்திட்டவருக்குக் கட்டுப்பட்டவரா, பிடிபட்டவர் கையில் என்ன தாள் கொடுப்பார்கள். மேடைப் பேச்சில் இதில் ஒன்றுகூட வராது. மசோதாவில் மட்டும்தான் கிடைக்கும். தமிழ்நாடு அரசிதழ் இணையத்தில் வருகிறது. மத்தியச் சட்டங்கள் அரசின் இந்தியா கோட் தளத்தில் முழுதாக இருக்கின்றன. ‘தண்டனை’ என்ற தலைப்பைவிட ‘நடைமுறை’, ‘அதிகாரம்’, ‘மேல்முறையீடு’ என்று வரும் பிரிவுகளை நிதானமாகப் படியுங்கள்.

பக்கம் 73

கையில் என்ன தாள் கொடுப்பார்கள் என்ற கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். அது எவ்வளவு பெரியது என்று நான் புரிந்துகொண்டது ஒரு மழைநாளில்.

சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மாதம். ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் பாலிதீன் கவர், அதற்குள் துண்டு, துண்டுக்குள் புக்லெட். உத்தரவோடு சேர்த்துக் கைதிக்குக் கொடுக்கும் ஆவணக் கட்டைத்தான் நாங்கள் புக்லெட் என்போம். தான் முழுக்க நனைந்திருந்தார், கட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மகனுக்கு 22 வயது. தெருச்சண்டை வழக்கில் ரிமாண்ட் ஆகி, ஜாமீனுக்கு மனுப் போட்டிருந்த சமயத்தில் குண்டாஸ் உத்தரவு வந்துவிட்டது.

புக்லெட் வந்தால் நான் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி மூன்று விதமான குறி போடுவேன். எழுத்து விழாத பக்கத்துக்கு வட்டம். ஆங்கிலத்தில் மட்டும் இருந்து தமிழ் நகல் இல்லாத பக்கத்துக்குக் கோடு. தேதியோ பெயரோ முன்னுக்குப் பின் ஒத்துவராத இடத்துக்குப் பெருக்கல் குறி. அன்று 200 பக்கத்துக்கு மேல் இருந்தது. 73ஆம் பக்கத்துக்கு வந்தேன். நகலின் நகலின் நகல். தாள் முழுக்கக் கருப்பு. மேலே கோர்ட் முத்திரையின் விளிம்பு அரைவட்டமாகத் தெரிந்தது, கீழே ஒரு தேதியின் கடைசி இரண்டு எண். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஒரு வரிகூடத் தேறவில்லை.

அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார். “அதுல என்னய்யா எழுதியிருக்கு?”

“படிக்க முடியலம்மா.”

கொஞ்ச நேரம் அந்தக் கருப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அவனும் படிச்சிருக்க மாட்டான்” என்றார்.

அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவு சொல்வது இதைத்தான். தடுப்புக்காவலில் வைத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், அதை மறுத்து முறையிட ஆக விரைவில் வாய்ப்புத் தர வேண்டும். படிக்க முடியாத காரணத்துக்கு என்ன பதில் எழுதுவது? தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு ரிமாண்ட் உத்தரவைத் தமிழில் கொடுக்கவில்லை என்பதற்காகவே 1999இல் பவனம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுப்புக்காவல் உத்தரவை ரத்து செய்தது. 2011இல் ரேகா வழக்கு. காலாவதியான மருந்தை விற்றதாகக் குற்றச்சாட்டு, கேட்டாலே ரத்தம் கொதிக்கிற குற்றச்சாட்டு. அதிலும் உத்தரவு ரத்தானது. இதே மாதிரி வழக்குகளில் ஜாமீன் கிடைத்திருக்கிறது, இவருக்கும் கிடைத்துவிடும் என்று அதிகாரிகள் உத்தரவில் காரணம் எழுதியிருந்தார்கள். எந்த வழக்கு, என்ன தேதி, எந்தக் கோர்ட் என்ற விவரம் இல்லை. சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிகிற இடத்தில் தடுப்புக்காவல் சட்டத்தை எடுக்கக்கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

அந்த அம்மாவின் மகன் மீதான உத்தரவும் 73ஆம் பக்கத்தால் ரத்தானது. அதற்குள் அவன் ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு உத்தரவு ரத்தாகும்போது தலைவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கவனிக்கச் சொல்கிறேன். ‘சட்டத்தின் ஓட்டையில் தப்பிவிட்டான்’ என்று ஒருவர் சொன்னால் நான் அவர் பெயரைக் குறித்துவைப்பேன். குற்றச்சாட்டைப் படிக்கக் கொடுப்பது ஓட்டை ஆகாது. சுவரே அதுதான். அதை ஓட்டை என்று நினைப்பவர் நாளைக்கு அதை அடைக்கத்தான் பார்ப்பார்.

‘பாதிக்கப்பட்டவனுக்கு உரிமை கிடையாதா?’ என்று உடனே கேட்பார்கள். உண்டு. அவருக்கு வேண்டியது தீர்ப்பு. அதற்கு போலீஸ் 60 நாளிலோ 90 நாளிலோ குற்றப்பத்திரிகை போட வேண்டும், சாட்சியைக் காப்பாற்ற வேண்டும், வழக்கை நடத்த வேண்டும். நான் பார்த்த பல கட்டுகளில் குண்டாஸ் உத்தரவு சுறுசுறுப்பாக வந்திருக்கும், மூல வழக்கு நகராமல் கிடக்கும். அடைத்து வைத்ததும் எல்லோருக்கும் நீதி கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அடிபட்டவர் வருடக்கணக்கில் கோர்ட் வராந்தாவில் நிற்கிறார். ஆகவே, எத்தனை பேரைக் குண்டாஸில் போட்டோம் என்று பெருமை பேசும் ஆட்சியிடம், அதில் எத்தனை வழக்கில் தண்டனை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

ஆளை மாற்றி உட்கார வைத்துப் பாருங்கள்

அடுத்த வழி இது. சட்டத்தைக் கொண்டுவரும் தலைவர் உங்களுக்குப் பிடித்தவராக இருந்தால் அவரை எழுப்பிவிட்டு, உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத தலைவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். உள்ளே போகும் ஆளாக உங்கள் வீட்டுப் பையனை வையுங்கள். அப்போதும் அந்தச் சட்டம் சரி என்று தோன்றினால் ஆதரியுங்கள்.

எங்கள் பக்கத்திலேயே நடந்தது ஒன்று. 2002 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றின. ஆதரவு 425, எதிர்ப்பு 296. கொண்டுவந்த வாஜ்பாய் ஆட்சியின் கூட்டணியில் வைகோவின் மதிமுகவும் இருந்தது. அதே வருடம் ஜூன் 29 அன்று வைகோ திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். அந்தப் பேச்சுக்காக ஜூலையில் ஜெயலலிதா அரசு அவரைப் பொடாவில் கைது செய்தது. சட்டத்தைச் செய்தது தோழமை ஆட்சி, எடுத்துப் பயன்படுத்தியது எதிரணி ஆட்சி. 19 மாதம் சிறையில் இருந்து 2004 பிப்ரவரியில்தான் ஜாமீனில் வந்தார். வெறும் பேச்சால் ஆதரவு தெரிவிப்பது மட்டுமே பொடாவின் கீழ் குற்றமாகிவிடாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் பேச்சில் எனக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. பேசியதற்கு 19 மாதம் என்பதுதான் கேள்வி.

குண்டர் சட்டமும் அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. 2017 மே மாதம் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றி நினைவேந்தல் நடத்த வந்தவர்களில் நான்கு பேர் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. அதே வருடம் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த கல்லூரி மாணவி மீதும் பாய்ந்தது. இரண்டையும் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது அதிமுக ஆட்சி. 2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுக்க மறுத்துப் போராடிய விவசாயிகள் 7 பேர் மீது போட்டார்கள். அப்போது திமுக ஆட்சி. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே 6 பேர் மீதான உத்தரவை அரசே விலக்கிக்கொண்டது. 1982இலிருந்து எத்தனையோ முறை ஆட்சி மாறிவிட்டது. இந்தச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை, கூட்டிக்கொண்டேதான் போனார்கள்.

அதனால் ஒரு தலைவரைப் பற்றி எழுதும்போது நோட்டில் நான் இரண்டு பத்தி வைப்பேன். எதிர்க்கட்சியில் இருந்தபோது இந்தச் சட்டத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பது ஒன்று. நாற்காலிக்கு வந்தபின் அதை என்ன செய்தார் என்பது இன்னொன்று. பேரவையில் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகி இருக்கும், யாரும் மறுக்க முடியாது. இரண்டு பத்தியும் ஒத்துப்போகும் தலைவரை, அவர் என் கட்சியாக இல்லாவிட்டாலும், நான் மதிக்கிறேன்.

‘கொஞ்ச நாளைக்குத்தான்’ என்ற சொல்

இந்தச் சொல்லைக் கேட்டால் காலண்டரைப் பாருங்கள். 1950 பிப்ரவரியில் சர்தார் பட்டேல் கொண்டுவந்த தடுப்புக்காவல் சட்டம் 1951 ஏப்ரல் வரைக்கும் என்று போடப்பட்டது. நீட்டித்து நீட்டித்து 1969 முடியும்வரை இருந்தது. அந்தச் சட்டத்தில் அடைபட்டுச் சிறையிலிருந்து உச்ச நீதிமன்றம் போனவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1950 மே மாதம் அவர் தோற்றார். ஒரு விஷயத்தில் மட்டும் ஜெயம்: கைதுக்கான காரணத்தைக் கோர்ட்டிடம்கூடச் சொல்லக்கூடாது என்றிருந்த 14ஆம் பிரிவைச் செல்லாது என்று நீதிபதிகள் அடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவரே முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போனார். 1969இல் அந்தச் சட்டம் போனது, 1971இல் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

மிசா என்ன செய்தது என்று என் தகப்பனார் தலைமுறைக்குத் தெரியும். அவசரநிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சியைக் கலைத்து, கட்சிக்காரர்களைச் சென்னை மத்தியச் சிறையில் அடைத்தார்கள். முன்னாள் சென்னை மேயர் சிட்டிபாபு அங்கே பட்ட அடியால் மறு வருடம் உயிரிழந்தார். அந்தச் சிறையில் நடந்ததை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் கமிஷன் போட வேண்டியிருந்தது. நாடு முழுக்க மிசாவில் அடைபட்டவர்கள் சுமார் 35,000 பேர் என்பது அவசரநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் கணக்கு.

அந்த நேரத்து வழக்கு ஒன்றை ஒவ்வொரு வாக்காளரும் தெரிந்திருக்க வேண்டும். 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான ஜபல்பூர் வழக்கு. அவசரநிலையில் அடைபட்டவர் விடுதலை கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்பதுதான் அதில் கேள்வி. சட்டவிரோதமாக ஒருவரின் உயிரையே எடுத்தாலும் கோர்ட்டில் கேட்க வழி கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். அவசரநிலை இருக்கும்வரை கிடையாது என்றார் அரசின் தலைமை வக்கீல். நான்கு நீதிபதிகள் அரசு பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி, அவருக்கு இளையவருக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார். 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த 1976 தீர்ப்பைத் தவறு என்று சொல்லி ஒதுக்கியது. அந்தப் பகுதியை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், 1976இல் அரசு பக்கம் நின்ற நீதிபதிகளில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். ஒரு தலைவர் தனக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிய நீதிபதியை, தன் பேச்சைக் கேட்காத அதிகாரியை எப்படி நடத்துகிறார் என்று பார்ப்பது இதனால்தான். தனி மனிதனுக்கும் சிறைக்கும் நடுவில் நிற்பவர்கள் அவர்கள்.

ஒரு சட்டத்தை ரத்து செய்தோம் என்று சொன்னாலும் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பொடா 2004இல் போனது. அதன் பல பிரிவுகள் அப்போதே உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. 2008இல் அதில் 43டி(5) சேர்ந்தது. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. 2019இல் அமைப்புகளோடு தனி ஆட்களையும் பயங்கரவாதி என்று அறிவிக்க வழி வந்தது. பழைய சட்டம் போகும் நாளில் அதன் பிரிவுகள் எங்கே போகின்றன என்று எண் வைத்துத் தேடுங்கள்.

நம் கைத்தட்டலையும் சேர்த்து எடைபோட வேண்டும்

2014இல் குண்டர் சட்டத்தில் பாலியல் குற்றவாளிகளையும் சைபர் குற்றவாளிகளையும் சேர்த்தபோது நான் மனதாரச் சரி என்றேன். எனக்கு மகள் இருக்கிறாள். திருத்தத்தைப் படித்த எங்கள் ஜூனியர் வக்கீல் பெண் ஒருவர்தான் எனக்குக் காட்டினார்: “அண்ணே, ‘வழக்கமாக’ங்கிற சொல் இதுல இல்லை, பாருங்க.” குண்டர் என்று சொல்ல ஒருவர் வழக்கமாகக் குற்றம் செய்பவராக இருக்க வேண்டும் என்று மூலச் சட்டம் வைத்திருந்தது. புதிதாகச் சேர்த்த வகைகளுக்கு முதல்முறையே போதும். கோபத்தில் நான் தவறவிட்ட சொல் அது. அதற்குப் பிறகு எனக்கு ரொம்பப் பிடித்த சட்டத்தை மட்டும் இரண்டு முறை படிப்பது என்று வைத்திருக்கிறேன்.

என்கவுன்ட்டர் செய்திக்கும் இதே விதிதான். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண்ணைக் கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது போலீஸ் மேல் பூத் தூவினார்கள். எங்கள் தெருவிலும் மகிழ்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் போட்ட சிர்புர்க்கர் கமிஷன் 2022இல் அறிக்கை கொடுத்தது. கொல்லும் எண்ணத்தோடு வேண்டுமென்றே சுட்டது என்றும் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் அதில் இருந்தது. அவர்கள்தான் குற்றம் செய்தார்களா என்று இனி எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது. இறந்துபோன அந்தப் பெண்ணுக்கும் தீர்ப்பு இல்லை. இப்படி நடந்ததும் வாழ்த்துச் சொல்கிற தலைவர் எந்தக் கட்சியானாலும், என் நோட்டில் அந்தத் தேதியோடு இருப்பார்.

தலைவருக்கும் உரிமை உண்டு

இதைச் சொன்னால் பையன்களுக்குக் கோபம் வருகிறது. இருந்தாலும் சொல்ல வேண்டும். ஒருவரை எடைபோடுகிற நாமும் அவருடைய உரிமையை மிதிக்கக்கூடாது.

வேட்பாளர்கள் படிவம் 26இல் தங்கள் மீதுள்ள வழக்குகளை எழுதித் தர வேண்டும். 2002இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் வந்த உரிமை நமக்கு. தேர்தல் ஆணையத் தளத்தில் அதைப் பார்க்கலாம். ‘18 வழக்கு இருக்கு’ என்று எண்ணிக்கையை மட்டும் பரப்பாதீர்கள். பிரிவைப் பாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 188 என்று இருந்தால் கூட்டம் கூடியது, தடை உத்தரவை மீறியது. தண்ணீர் கேட்டு மறியல் செய்த கவுன்சிலர் மேலும் அதுதான் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கான வழக்குகளில் அதே குற்றங்கள் புதிய தண்டனைச் சட்டத்தின் 189, 223 என்ற எண்ணில் வரும். கொலை அப்போது 302, இப்போது 103. குற்றச்சாட்டுப் பதிவாகிவிட்டதா, விசாரணை எந்தக் கட்டத்தில் என்ற பத்தியும் அதே படிவத்தில் இருக்கிறது. தண்டனை கிடைக்காதவரை அவர் குற்றவாளி இல்லை. அந்த 22 வயதுப் பையனுக்கு நான் கேட்ட நியாயம் அமைச்சருக்கும் பொருந்தும்.

அவர் சாதி, அவர் வீட்டுப் பெண்கள், அவர் உடம்புக்கு என்ன நோய், இதெல்லாம் நம் தராசில் ஏற வேண்டியவை அல்ல. 1994இல் நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. பதவியில் இருப்பவரின் அலுவல் சார்ந்த செயலை யாரும் விமர்சிக்கலாம். அரசு முன்கூட்டியே அச்சைத் தடுக்க முடியாது. ஒருவரின் குடும்பமும் அந்தரங்கமும் அவருடையது.

கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

இவ்வளவும் படித்துவிட்டு உங்கள் மாவட்டத்தில் என்ன நிலவரம் என்று தெரியாமல் இருந்தால் பயனில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். வெள்ளைத் தாள் போதும். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். போலீஸ் கமிஷனர் உள்ள மாநகரமாக இருந்தால் அவர் அலுவலகத்துக்கு.

கேள்வியைச் சுருக்கமாக, எண்ணிக்கையாக வரும்படி எழுத வேண்டும். ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்’ என்று எழுதினால் பதில் வராது. சென்ற மூன்று வருடத்தில் வருடவாரியாக 14/1982 சட்டத்தின் கீழ் எத்தனை உத்தரவுகள் போடப்பட்டன, எந்த வகையில் எத்தனை, அரசு திரும்பப் பெற்றவை எத்தனை, அறிவுரைக் கழகம் போதிய காரணம் இல்லை என்றவை எத்தனை, உயர் நீதிமன்றம் ரத்து செய்தவை எத்தனை. இந்த ஐந்தும் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்தான். அப்படிப்பட்ட மனுவானால் அந்த வரியை அதன் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

ரத்தான எண்ணிக்கை கையில் இருந்தால் ஓட்டுக் கேட்டு வருகிற சட்டமன்ற வேட்பாளரிடம் ஒரே கேள்வி கேட்கலாம்: “இத்தனை உத்தரவு நிக்கலையே, அந்த ஆளுங்க உள்ள இருந்த மாசத்துக்கு யாரு பொறுப்பு?” எங்கள் தெருவுக்கு வந்த ஒருவர் பதில் சொல்லாமல் நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொருவர், இளைஞர், நின்று கேட்டார். எண்களைத் தன் போனில் குறித்துக்கொண்டார். அவர் ஜெயிக்கவில்லை. அடுத்த முறையும் நிற்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பதில் வராவிட்டால், அல்லது ‘தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரியில் வந்தால், 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். முதல் மனுவின் நகலையும் தபால் ரசீதையும் இணைக்க வேண்டும். நகல் எடுத்தவுடன் கடையிலேயே வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெல்லாம் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.